பவானி ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் தூண்டில் சாமான் விற்கும் சின்னக் கடை என்னுடையது. தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, வாங்க வருகிறவர்கள் நரம்போடு ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருவார்கள். வருடக்கணக்காக அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து, காவிரியோடு சேரும் கூடுதுறை வரைக்குமான பவானிதான் எனக்குத் தெரிந்த ஆறு. அதை வைத்தே சொல்கிறேன்.

அண்ணா, புதுசா ஆரம்பிக்கிறேன். ரீல், ராடு எல்லாம் வேணுமா, மூங்கில் குச்சி போதுமா?

முதல் ஆறு மாதத்துக்கு மூங்கில் குச்சி போதும். பத்தடி நீளத்தில், நுனி வளைந்து கொடுக்கிற குச்சியாகப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு ஒரு சுருள், மயில் இறகுத் தக்கை, மிளகு அளவு ஈயக்குண்டு நாலைந்து, 8ஆம் நம்பரிலும் 12ஆம் நம்பரிலும் பத்துப் பத்து தூண்டில் முள். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். இதைத் தெரியாமல் பெரிய நம்பராகக் கேட்டு வாங்கிப்போய், மறுநாள் மாற்ற வருகிறவர்கள் நிறையப் பேர்.

ரீல் கட்டாயம் தேவைப்படுவது, கரையிலிருந்து எட்ட முடியாத இடத்தில் மீன் நிற்கும்போதுதான். தக்கையின் அசைவைப் படிக்கத் தெரிந்த பிறகு ரீல் வாங்கினால் அந்தக் காசு வீண் போகாது.

தக்கை ஆடுது, இழுத்தா ஒண்ணும் இல்ல. எப்ப இழுக்கறதுன்னே தெரியல.

தக்கை படபடவென்று குத்திக்கொண்டே இருந்தால் ஜிலேபி மீன் குஞ்சோ சின்னக் கெண்டையோ இரை மாவைக் கொறிக்கிறது என்று அர்த்தம். இழுக்க வேண்டாம். ஒரு குத்துக் குத்தி, நின்று, பிறகு சாய்வாக நழுவி உள்ளே போனால் அப்போது மணிக்கட்டை மட்டும் சொடுக்குங்கள். தோளிலிருந்து இழுத்தால் மீனின் வாய் கிழியும், இல்லை நரம்பு அறும்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுவார்கள். நின்றுகொண்டிருந்த தக்கை உள்ளே போகாமல், மெதுவாக மேலே எழுந்து தண்ணீரில் படுத்துக்கொள்ளும். ஏதோ சிக்கல் என்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடியில் மேய்கிற மீன் இரையை வாயில் எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கிவிட்டது. ஈயத்தின் கனம் தக்கையில் இல்லாததால் அது படுக்கிறது. மிர்கால் மீன் எடுக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான். படுத்தவுடன் சொடுக்க வேண்டும்.

ஏனுங்க, விடிகாலைல போனாத்தான் மீன் கிடைக்குமுங்களா?

கோடையில் ஆமாம். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் கரையில் உட்கார்ந்திருப்பது வெயில் காய்வதற்குத்தான் ஆகும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். மீன் அப்போது ஆழத்துக்கோ, பாறையில் மோதித் தண்ணீர் நுரைக்கிற இடத்துக்கோ போய்விடும்.

மார்கழி, தையில் கதை தலைகீழ். விடியலில் தண்ணீர் சில்லென்று இருக்கும், மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி, கரையோர ஆழமில்லாத தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு, பத்திலிருந்து ரெண்டு மணி வரைக்கும் நல்ல நேரம். பனியில் நடுங்கிக்கொண்டு நாலரைக்குப் போக வேண்டியதில்லை.

எந்த இரைக்கு எந்த மீன்?

மண்புழுவுக்குக் கெளுத்தி, ஆரால், ஜிலேபி, கெண்டை எல்லாமே வரும். வறுத்த கடலைப் புண்ணாக்கைப் பொடித்து மைதாவோடு பிசைந்த உருண்டைக்கு ரோகு, கட்லா, மிர்கால் வரும். ராகிக் களியும் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஓடுகிற தண்ணீரில் சீக்கிரம் கரையும். கொஞ்சம் பஞ்சு சேர்த்துப் பிசைந்தால் நிற்கும். கோழிக் குடல் பெரிய கெளுத்திக்கும் வாளைக்கும். விராலுக்கு உயிரோடு அசைகிற இரைதான் பிடிக்கும்.

ஆனால் இரையைப் பற்றி என்னிடம் கேட்கிற அளவுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அன்றைக்குத் தண்ணீர் எந்த நிறத்தில், எந்த வேகத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். இரையை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள். இனி வருகிற பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

மேட்டுப்பாளையத்துல ஒரு சொட்டு மழை இல்ல. ஆறு மட்டும் எப்படி ஏறுது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்வேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பவானி நீலகிரி மேலே பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், திரும்பி நம் பக்கம் வருகிற ஆறு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவது அங்கேதான். நாம் மலைக்கு இந்தப்பக்கம் மழை மறைவில் இருக்கிறோம். நமக்குக் காற்று மட்டும் வீசும், தண்ணீர் ஆற்றில் வரும். 2019 ஆகஸ்டில் நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அவலாஞ்சி இருக்கும் குந்தா மலையில் பெய்கிற மழை கடைசியில் வந்து சேர்வது பவானியில்தான்.

நடுவில் பில்லூர் அணை இருக்கிறது. அதன் முழு உயரம் 100 அடி. நிரம்பினால் உபரியைத் திறந்துவிடுவார்கள். மழையே இல்லாத காலத்திலும் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடுவார்கள். அப்படி விட்டால், வானம் பளிச்சென்று இருக்கும்போதே மேட்டுப்பாளையத்தில் ஆறு ஏறும். வருடா வருடம் அங்கே வெளியூர்க்காரர்கள் அடித்துச் செல்லப்படுவதற்கு இதுதான் காரணம். கணுக்கால் தண்ணீரில் நடந்து நடுத்திட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது அதே இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் இருக்கும்.

பத்தொன்பது வயதில் நானும் அப்படி மாட்டியிருக்கிறேன். திட்டிலிருந்து கரை முப்பதடி தூரம்கூட இருக்காது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கரையிலிருந்து, "கண்ணு, சாமானைப் போட்டுட்டு வா!" என்று கத்தினார். குச்சி, பை, பிடித்த மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். பாதி வழியில் காலுக்குக் கீழே கூழாங்கல் உருளுவது தெரிந்தது. தண்ணீரின் இழுப்பைவிட அந்த உருளல்தான் இன்றைக்கும் ஞாபகத்தில் இருக்கிறது.

சரி, ஏறப்போகுதுன்னு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கறது?

போனவுடன் முதல் வேலையாக, தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். நாலு விரல் ஏறியிருந்தால் எழுந்து மேட்டுக்கு வந்துவிடுங்கள். எட்டு விரல் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குச்சி இல்லாமலும் ஆறே சொல்லும். சும்மா இருந்த தண்ணீரில் காய்ந்த இலை, சுள்ளி, வெள்ளை நுரை வரிசையாக மிதந்து வர ஆரம்பிக்கும். மேலே எங்கோ காய்ந்து கிடந்த கரையைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்று பொருள். அப்புறம் சத்தம். சின்னப் பாறைகளின் மேல் சலசலத்த இடம் அமைதியாகிவிடும், ஏனென்றால் பாறை மூழ்கிவிட்டது. ஆறு திடீரென்று அமைதியானால் உடனே கிளம்புங்கள். எச்சரிக்கை ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது.

நடுத்திட்டில் உட்கார்ந்து தூண்டில் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கிடைக்கிற மீன் கரையிலும் கிடைக்கும்.

ஆறு இவ்வளவு பெருசா இருக்கே, எந்த இடத்துல போடறது?

வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் ஒட்டுகிற கோட்டில். பாறைக்குக் கீழ்ப்பக்கம், பாலத்தூணுக்குப் பின்னால், ஆறு வளைகிற இடத்தில் இந்தக் கோடு தெரியும். கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர் நெளிநெளியாக ஓடும், இன்னொரு பக்கம் எண்ணெய் விட்ட மாதிரி வழுவழுவென்று இருக்கும். மீன் வழுவழுப்பில் நின்றுகொண்டு, நெளிவில் வருகிற இரையை எட்டிப் பிடிக்கும். இரையைக் கோட்டுக்கு மேல்பக்கம் போட்டு, அது தானாக மிதந்து வரட்டும்.

மற்றபடி கசம், அதாவது ஆழமான மடு, கோடைக்கு நல்லது. மரக்கிளை கவிந்த கரையோரம் எப்போதுமே நல்லது. கொடிவேரி அணைக்கட்டை ஒட்டிப் போடாதீர்கள். அங்கே குளிக்கிற கூட்டம், வழுக்குப் பாறை, சுழி எல்லாம் இருக்கிறது.

செந்தண்ணி வந்துட்டா மீனே கிடைக்காதுங்களா?

கிடைக்கும். ஏறும்போது கிடைக்காது, இறங்கும்போது கிடைக்கும். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் மீன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும், கரையோரப் புல்லுக்குள் ஒதுங்கும். நமக்கும் மேலே சொன்ன காரணத்தால் அங்கே வேலை இல்லை. வெள்ளம் நின்று, தண்ணீர் ஒரு சாண் இறங்கி, செங்கல் நிறம் டீ நிறமாக மாறுகிற அந்த ஒன்றிரண்டு நாள் இருக்கிறதே, வருடத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது. வெள்ளம் அடித்து வந்த புழு, பூச்சியைத் தேடி மீன் கரைக்கே வந்துவிடும்.

கலங்கலில் மீனுக்குக் கண் உதவாது, மூக்குதான். அதனால் மாவு உருண்டையை ஓரமாக வைத்துவிட்டு மண்புழு, கோழிக் குடல், வாசனைப் புண்ணாக்கு என்று போங்கள். முள் ஒரு அளவு பெரிதாக, நரம்பு 0.35 வரைக்கும் போகலாம், மீனுக்குத் தெரியாது. ஈயத்தைக் கூட்டி இரையை அடியில் நிறுத்துங்கள். இந்தத் தண்ணீரில் முதலில் வருவது கெளுத்தி.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கலங்கல் வரும். அது வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் பெய்து கல்லாறு வழியாக இறங்குவது. சட்டென்று வந்து சட்டென்று தெளியும். முதல் நாள் மண்புழு, மூன்றாம் நாள் மாவு என்று வேகமாக மாற வேண்டியிருக்கும்.

தண்ணி வத்தி கண்ணாடி மாதிரி இருக்கு. மீன் கண்ணுக்குத் தெரியுது, ஆனா கடிக்க மாட்டேங்குது.

உங்களுக்கு மீன் தெரிந்தால் மீனுக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். குனிந்து போங்கள், வெளிர் சட்டை வேண்டாம், உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்காருங்கள். காலை மெதுவாக வையுங்கள். கரை அதிர்ந்தால் மீனுக்குத் தெரிந்துவிடும்.

போன பதிலில் சொன்னதை அப்படியே திருப்பிப் போடுங்கள். மெல்லிய நரம்பு, 14ஆம் நம்பர் முள், ஈயம் ஒன்றே ஒன்று அல்லது அதுவும் இல்லாமல், கடலை அளவு இரை. நேரம் விடியலும் பொழுது சாய்கிற நேரமும்.

வெளிநாட்டு வீடியோல ஈ மாதிரி செஞ்சு, நரம்பைச் சுழட்டிச் சுழட்டிப் போடறாங்களே, அது நம்ம ஆத்துல ஆகுமா?

ஆகும். அந்த முறையில் முள்ளில் கனமே இருக்காது. இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சி அது. கனம் இருப்பது தடித்த நரம்பில். அதைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசித்தான் பூச்சியைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். தண்ணீரின் மேல் பூச்சி தின்கிற எந்த மீனும் இதற்கு வரும். நம் ஆற்றில் சின்னக் கெண்டை வகைகளும் ஜிலேபியும் எடுக்கும். பின்னால் மரமில்லாத அகலமான கரை வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பொழுதோட புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அது ஆற்றின் மேல் பறந்து விழும்போது தண்ணீரில் சின்னச் சின்ன வளையமாகத் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு மீனின் வாய். ஈயத்தையும் தக்கையையும் கழற்றுங்கள். 14ஆம் நம்பர் முள்ளில் ஒரு ஈசலை, இறக்கை கிழியாமல் முதுகுப் பக்கம் மட்டும் கோர்த்து, வளையங்களுக்கு நாலடி மேலே வைத்து மிதக்க விடுங்கள். நரம்பு இறுகக் கூடாது. இறுகினால் ஈசல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும், மீன் விலகிவிடும். முக்கால் மணி நேரம்தான் இது நடக்கும், அதற்குள் இருட்டிவிடும். அப்புச்சி எனக்குக் கற்றுக்கொடுத்ததில் இதைத்தான் அதிகம் நேசிக்கிறேன். வெளிநாட்டில் பூச்சி கட்டிப் பிடிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: அன்றைக்கு எந்தப் பூச்சி தண்ணீரில் விழுகிறது என்று பார்த்து, அதையே காட்டுகிறார்கள்.

ஊட்டிப் பக்கம் ட்ரவுட் இருக்காமே. அது கீழ பவானிக்கு வராதா?

ட்ரவுட் நம் நாட்டு மீன் இல்லை. வெள்ளைக்காரர்கள் 1860களிலேயே நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியில்தான் நிலைத்தது. 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்தது. வானவில் ட்ரவுட் என்கிற வகை மேலே உள்ள ஓடைகளில் தங்கியது.

அதற்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த, ஓடும் தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும். மூன்றாம் கேள்வியில் சொன்ன கணக்கு அதற்கு இன்னும் கடுமை. மேட்டுப்பாளையத்துத் தண்ணீரில் அது பிழைக்காது. மேலே போய்ப் பிடிக்கலாமா என்றால், அந்த ஓடைகளில் பல முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும் காப்புக்காட்டிலும் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

எங்கெல்லாம் போடலாம், எங்க போடக் கூடாது?

பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி மாதிரி அணை நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை வேறொருவரிடம் இருக்கும். அங்குள்ள அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்காமல் போடக் கூடாது. ஆற்றிலும் சில இடங்களில் குத்தகை உண்டு. ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். மாயாற்றுப் பக்கமும் தெங்குமரஹடா பக்கமும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், அங்கே போகவே கூடாது. அமராவதி அணையில் முதலை இருக்கிறது. மாயாற்றிலும் இருக்கிறது.

வெடி போடுவதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897ஆம் வருடத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். வெடி போட்ட கசத்தில் குஞ்சு, முட்டை, பூச்சி எல்லாம் சேர்ந்து போகும். கடைக்கு வந்து அந்தப் பேச்சை எடுப்பவருக்கு நான் ஒரு முள்கூட விற்பதில்லை.

பெரிய செதில், செம்மஞ்சள் துடுப்போட ஒரு மீன் மாட்டுச்சு. என்ன மீனுங்க அது?

மஹசீராக இருக்கலாம். அதில் கூன்முதுகு மஹசீர் என்கிற வகை உலகத்திலேயே காவிரி வடிநிலத்தில் மட்டும்தான் உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள உயிர்கள் பட்டியலில், மிகவும் ஆபத்தான நிலை என்ற வரிசையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக வாலை அடித்துப் போகும் வரைக்கும் தாங்கிக்கொள்ளுங்கள். போட்டோவுக்காகக் கரை மணலில் கிடத்தினால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும். நீந்திப் போனாலும் அப்புறம் நோய் பிடித்துச் செத்துவிடலாம்.

முள்ளின் உள்பக்கம் உள்ள சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்தி மட்டமாக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். ஆடி, ஆவணியில் வயிறு உப்பிய சினைக் கெண்டைகளையும் இதே மாதிரி விட்டுவிடச் சொல்வேன்.

அப்ப எல்லா மீனையும் விட்டறோணுமா? ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம்?

இல்லை. ஜிலேபி 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது, இன்றைக்கு இல்லாத தண்ணீரே இல்லை. பிடித்து வறுத்துச் சாப்பிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்கே இங்கே தடை இருக்கிறது. நாட்டு மீன் குஞ்சுகளை அது தின்றுவிடும். மீன்தொட்டிக்காரர்கள் ஆற்றில் விட்ட டேங்க் கிளீனர் மீனும் அப்படித்தான். இந்த இரண்டையும் திரும்ப விடாதீர்கள்.

நொய்யல் மீனைப் பற்றியும் கேட்பார்கள். திருப்பூருக்குக் கீழே நொய்யலில் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். சாயத்தண்ணீர் பல வருடம் ஓடிய ஆறு. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வண்டலில் என்ன தங்கியிருக்கிறது என்று மீனைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தேளி மீன் குத்திடுச்சு, கை விண்ணுன்னு வலிக்குது. என்ன பண்ணறது?

தோல் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் கையை முக்கி வையுங்கள். சூட்டில் வலி இறங்கும். முள் உடைந்து உள்ளே இருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரணஜன்னி ஊசி போட்டு எவ்வளவு வருடம் ஆச்சு என்றும் சொல்லுங்கள். தூண்டில் முள் கையில் ஏறினாலும் அப்படியே பின்னால் இழுக்காதீர்கள், சதை கிழியும்.

காலைல தெளிவு, மத்தியானம் கலங்கல், பொழுதோட மறுபடி வத்திருச்சு. ஒரே நாள்ல இப்படி மாறினா என்னங்க பண்ணறது?

மேட்டுப்பாளையம் பக்கம் இது சாதாரணம். பவானிசாகருக்குக் கீழே குறைவு, ஏனென்றால் அங்கே அணைதான் தண்ணீரை அளந்து விடுகிறது. பாசனத்துக்குத் தண்ணீர் விடும் நாட்களில் சத்தியமங்கலம், கோபிப் பக்கம் ஆற்றின் அளவு மாறும்.

நான் இரண்டு குச்சி கட்டிக்கொண்டு போவேன். ஒன்றில் மெல்லிய நரம்பும் சின்ன முள்ளும், இன்னொன்றில் தடித்த நரம்பும் ஈயமும். காலையில் முதல் குச்சி, மாவு. இலையும் நுரையும் மிதக்க ஆரம்பித்ததும் இரண்டையும் சுருட்டிவிட்டு மேட்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்பேன். நட்டுவைத்த குச்சி மூழ்கியிருக்கும், அதனால் மேட்டுக்கரையில் ஒரு கல்லை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்லுக்குக் கீழே ஈரக்கோடு தெரிய ஆரம்பித்தால் தண்ணீர் இறங்குகிறது. அதற்கப்புறம் இன்னொரு அரை மணி பொறுத்துவிட்டு, இரண்டாவது குச்சியில் மண்புழு கோர்த்து, புல் முளைத்த கரையை ஒட்டி, ரெண்டடி ஆழத்தில் போடுவேன்.